மூன்றாவது வரிசைச் செங்கல்

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். குடையில் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் ஒருவர் கண்ணைக் குத்தப் பார்த்தது. விருத்தாசலம் பெரிய ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு, வாசல் பெஞ்சில் இரண்டு மணி நேரம். எனக்கு முன்னால் ஒன்பது பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் பல் டாக்டரிடம் காட்ட வந்தவர்கள் போலவே உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே இருக்கும் டாக்டர் மேடத்துக்கு என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். எரிச்சல்படாமல் கேட்டார். நான் சொன்னவை:

கேஸ் அடுப்பை அணைத்தபின் ஐந்து முறை பார்ப்பது.
பூட்டை இழுத்துப் பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவது.
மகள் கயல் போனை எடுக்காவிட்டால் விபத்து என்று முடிவு கட்டிவிடுவது. (அவள் புதுச்சேரியில் நர்ஸிங் இரண்டாம் வருடம். பாதி நேரம் வகுப்பில் இருப்பாள்.)
நெஞ்சுப் படபடப்பு. தூக்கம் இல்லை.

சின்ன மாத்திரை ஒன்று. அதோடு ஒரு நோட்டு வாங்கச் சொன்னார்.

"மனசுல ஓடுறத அப்பிடியே எழுதுங்க. கெட்ட எண்ணம் வந்தா அதுக்குக் கீழ ஆதாரம்னு போடுங்க. இருந்தா எழுதுங்க. இல்லாட்டி கோடு போட்டு அடிச்சிடுங்க."

"யாராச்சும் படிச்சிட்டாங்கன்னா?"

"உங்க நோட்ட யாருங்க படிக்கப் போறாங்க?"

அதுவும் சரிதான். பாலக்கரையில் நாற்பது பக்க நோட்டு, அட்டையில் மயில். ஒவ்வொரு தடவையும் கெட்ட எண்ணம் என்று நீட்டி எழுத முடியாது. இனி கெ.எ.

கெ.எ. 1: குடைக்கம்பி பட்டவருக்குப் பார்வை போயிருக்கும்.
ஆதாரம்: இல்லை. கம்பி படவே இல்லை. அவர் என்னைத் திட்டிவிட்டு ஜங்ஷனில் இறங்கி நன்றாகத்தான் நடந்து போனார். கோடு.

அட, அடிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மேடத்திடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.


நவ. 7, வெள்ளி

மழை. ஜாடி காயவில்லை. மதியமே வீடு. வீட்டுக்காரர் நல்லூர் மினி பஸ்ஸில் டியூட்டி. வீட்டில் யாரும் இல்லை. நேற்று சொல்லாததை எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்தால் இந்த நோட்டும் என்னைப் போலப் பொய்யாகிவிடும்.

எங்கள் யூனிட்டில் ஊறுகாய் ஜாடி செய்கிறோம். நான் கிளேஸ் பிரிவு, பதினான்கு வருடம். காய்ந்த ஜாடிக்குப் பளபளப்புக் கொடுக்கும் கரைசலைக் கலக்குவது, முக்கி எடுப்பது. சூளை ஆரோக்கியசாமி அண்ணனுடையது. (இனி ஆ.அ.) அவரே அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து மூடி, மண் பூசி, அந்த ஈர மண்ணில் ஒரு சிலுவை போடுவார். பக்கத்தில் முதலாளி வந்து மூன்று விரலால் விபூதிப் பட்டை. தீயை அணைத்தபின் இரண்டு நாள் ஆறவேண்டும். மூடினவர்தான் திறக்கணும். எங்கும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் புதன்கிழமை காலை ஆறு மணிக்கே போனேன். யூனிட் சாவி என்னிடம். தீ அணைத்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. முந்தின நாளிலிருந்து மண்டைக்குள் ஒரே பாட்டு: கிளேஸில் ஒரு டப்பா குறைத்துப் போட்டேனா? போட்டேனா, இல்லையா? உள்ளே எல்லாம் கெட்டுப் போயிருக்குமா? ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதி என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் மேலிருந்து மூன்றாவது வரிசை, இடது ஓரம், ஒரு செங்கல்லை எடுத்தேன். உள்ளே மங்கலான சிவப்பு. முன்வரிசை ஜாடிகள் பளபளவென்று இருந்தன. கிளேஸில் ஒரு குறையும் இல்லை. அப்படியும் நம்பாமல் பக்கத்துக் கல்லையும் எடுத்தேன். பத்து நிமிடம் இருக்கும், நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகுக்குப் பின்னால் யூனிட் ஷட்டர் திறந்து கிடந்தது. மழைக்காற்று என்னைத் தாண்டி நேராகச் சூளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. கல்லை வைத்தேன், மண் பூசினேன். சிலுவை அழிந்திருந்தது. நானே ஒன்று போட்டேன். முதலாளி மேசையில் இருந்த விபூதியை எடுத்துப் பட்டையும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை திறக்க வந்த ஆ.அ. வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மொதலாளி, இது நான் போட்ட சிலுவ இல்ல. யாரோ தொறந்திருக்காங்க." முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. திறந்தார்கள். பார்வைக்கு எல்லாம் அழகு. ஆனால் ஆ.அ. ஒவ்வொரு ஜாடியாக விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நல்ல ஜாடி 'டிங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்'. முன்வரிசை முழுக்க டொக், டொக், டொக். சூடான பாண்டத்தில் குளிர்காற்று பட்டால் அப்படித்தான்.

முதலாளி எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். "இல்லீங்க", "இல்லீங்க". மூன்றாவது "இல்லீங்க" என்னுடையது. என்னை யாருக்கும் சந்தேகப்படத் தோன்றவில்லை. பூட்டையே ஐந்து முறை இழுத்துப் பார்ப்பவள், வீட்டில் கேஸை மூடினேனா என்று நாள் முழுக்கப் புலம்புபவள், சூளையைத் திறப்பாளா?

"அப்ப பூதம் வந்து தொறந்துச்சா? தொறந்துட்டு சிலுவையும் போட்டு, விபூதியும் வச்சிட்டுப் போச்சா?" என்றார் முதலாளி. "நீங்க சரியா பூசலன்னு சொல்லிட்டுப் போங்க ஆரோக்கியம், எதுக்குக் கத கட்றீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆ.அ. கையைத் துடைத்தார், டிபன் பாக்ஸை எடுத்தார், போய்விட்டார். இன்றோடு ஒரு வாரம்.

கெ.எ. 2: ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் ஆக்கிவிட்டேன்.
ஆதாரம்: உண்டு.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோடு போட முடியவில்லை.


நவ. 9, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது, போர்வை மட்டும் ஈரம். சங்கரா மீன், குழம்பு.

கெ.எ. 3: கயல் காலையிலிருந்து போன் எடுக்கவில்லை. ஸ்கூட்டி, லாரி, ரோடு.
ஆதாரம்: இல்லை.
நடந்தது: 11.20க்கு அவளே கூப்பிட்டாள். "தூங்கிட்டிருந்தம்மா, ஞாயித்துக்கெழம கூடவா?" கோடு.

கெ.எ. 4: அவருக்கு நெஞ்சு வலி. ஹார்ட்.
ஆதாரம்: நெஞ்சைத் தடவினார்.
நடந்தது: மொச்சைக்கொட்டை. பெரிய ஏப்பம் ஒன்று, சரியாகிவிட்டது. கோடு.

கெ.எ. 5: கேஸ். நான்கு முறை. போன வாரத்தைவிட ஒன்று குறைவு.

அவர் எட்டிப் பார்த்தார். "என்னா எழுதற, பரிச்சைக்கா?" நோட்டை மூடிக்கொண்டேன். "ஆமா, பெயிலானா அடுத்த வாட்டி எழுதிக்கிறேன்." சிரித்துக்கொண்டே மீன் முள்ளைத் துப்பினார். நல்ல மனிதர். இவருக்கு ஒன்றும் தெரியாது.

கெ.எ. 2 அப்படியே.


நவ. 11, செவ்வாய்

வாங்க வேண்டியவை: து.பருப்பு, சோப்பு 2, குடை ரிப்பேர், மாத்திரை.

யூனிட்டில் என்னோடு கிளேஸ் முக்கும் தனம், சாப்பிடும்போது: "தெரியுமாக்கா? ஆரோக்கியண்ணன் அவங்க ஊரு உரக்கடையில மூட்ட தூக்குறாராம். கருவேப்பிலங்குறிச்சிக்குப் போன எங்க சின்னம்மா பாத்துச்சாம். அம்பத்தெட்டு வயசுல மூட்ட தூக்குற ஒடம்பா அது?"

"அவரு ரோசக்காரரு" என்றாள் இன்னொருத்தி.

"ரோசமா? ஒரு வாட்டி கை தவறிப்போச்சுன்னு ஒத்துக்கிட்டா என்னா கொறஞ்சிடும்? யாரோ தொறந்துட்டாங்கன்னு கத கட்டிக்கிட்டு..."

தயிர் சாதத்தை மூடி வைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழமொழி ஞாபகம் வந்தவளுக்கு வாய் மட்டும் திறக்கவில்லை. எழுந்து கையைக் கழுவினேன். இரண்டு முறை.

முதலாளி புதிதாக ஒரு சூளை ஆளைப் பேசியிருக்கிறாராம். அடுத்த வாரம் வருகிறார்.

மாலை பஸ் கூட்டம். யாரோ ஒரு அம்மா போனில், "அவன் கெடக்குறான் வுடு, நீ தூங்கு" என்றார். எனக்குச் சொன்னது போலவே இருந்தது. ஆனால் எனக்கில்லை.


நவ. 13, வியாழன்

ஆஸ்பத்திரி. இன்று எனக்கு முன்னால் ஐந்து பேர்தான். குடை சரியாகிவிட்டது.

மேடம் நோட்டைக் கேட்டார். கொடுப்பேனா? நானே படித்துக் காட்டினேன், கெ.எ. 2ஐ மட்டும் விட்டுவிட்டு. ஏப்பத்துக்கு அவர் சிரித்தார். கேஸ் இப்போது மூன்று முறை என்றதும் கை தட்டாத குறை.

"நல்லா வருதுங்க. பாருங்க, எண்ணம் வேற, நடக்குறது வேற. தூக்கம்?"

"மூணு மணிக்கு முழிப்பு வருது."

"என்னா எண்ணத்தோட முழிக்கிறீங்க?"

வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூவினார்கள். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"மேடம், ஒரு எண்ணத்துக்கு ஆதாரம் இருந்துச்சுன்னா? நெசமாவே நம்ம ஒரு தப்பு பண்ணியிருந்தோம்னா? அத எப்பிடி அடிக்கிறது?"

அவர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "அப்ப அது இந்த நோட்டுல வராதுங்க. அது செய்ய வேண்டிய வேல. கேஸ் தீந்துபோச்சு, சிலிண்டர் சொல்லணுங்கற மாதிரி." ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டு நிமிர்ந்தார். "இருக்குதா அப்பிடி ஏதாச்சும்?"

"இல்லீங்க" என்றேன்.

வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அதே "இல்லீங்க". அதே குரல்.


நவ. 14, வெள்ளி

பாழாய்ப்போன நோட்டு. மற்றக் களையை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டது. இப்போது நடுவில் அது ஒன்று மட்டும் நிற்கிறது. முன்னெல்லாம் கேஸ், பூட்டு, கயல், லாரி என்று ஆயிரம் கவலைக்கு நடுவில் அதுவும் ஒன்றாகக் கிடந்தது. இப்போது வீடு காலி, அது மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கோயிலுக்குப் போனேன். பழமலைநாதரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அவரிடம் சொல்வது சுலபம். திருப்பி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.


நவ. 16, ஞாயிறு

கருவேப்பிலங்குறிச்சி போய் வந்தேன். வீட்டுக்காரரிடம் தனம் வீட்டுக்கு என்று பொய். மறுபடியும் பொய்.

ஆறு வாழைப்பழம், மிக்சர் பொட்டலம். பஸ்ஸில் நான்கு முறை மனப்பாடம் செய்தேன்: அண்ணே, தொறந்தது நான்தான். அண்ணே, தொறந்தது நான்தான்.

ஆ.அ. வீட்டில் இல்லை. ஜெபத்துக்குப் போய்விட்டு அப்படியே உரக்கடைக்குப் போயிருக்கிறாராம். லாரி வருமாம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்காதான் இருந்தார்.

"வாங்க வசந்தா, வூட்டத் தேடி வந்திருக்கீங்களே. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஒக்காருங்க, டீ போடறேன்."

அடுப்படியில் நின்றபடியே பேசினார். நான் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கேட்டேன்.

"யாரோ தொறந்துட்டாங்கன்னே சொல்லிட்டிருந்தாரு. நான்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, ஒருவேள நீங்களே சரியா பூசலையோன்னு கேட்டுட்டேன். ரெண்டு நாளு எங்கூடப் பேசல. அப்பறம் அவுரே சொல்றாரு, 'ஆமா ஸ்டெல்லா, நாந்தான் மறந்துட்டன் போல. சிலுவையக் கூட எப்பிடிப் போட்டேன்னு ஞாபகம் இல்ல'ங்கறாரு."

"அண்ணனா அப்பிடிச் சொன்னாரு?"

"அவுருதான். இப்பல்லாம் எதுலயும் நம்பிக்க இல்லீங்க. ராவுல கேஸ மூடிட்டனான்னு மூணு வாட்டி ஏந்து ஏந்து பாக்குறாரு. கதவப் பூட்டிட்டு தெருக்கோடி வரைக்கும் போயி திரும்பி வந்து இழுத்துப் பாக்குறாரு. முப்பது வருசமா நெருப்போட இருந்த மனுசன்! உரக்கடையில மூட்டய எண்ணச் சொன்னா நாலு வாட்டி எண்றாராம்."

டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

என் வியாதி. அப்படியே, அச்சில் வார்த்தது போல. என்னிடமிருந்து அவருக்குப் போயிருக்கிறது. எனக்காவது ஆஸ்பத்திரி, மாத்திரை, மயில் நோட்டு. அவர் தன் கண்ணால் பார்த்த உண்மையையே சந்தேகப்பட்டுக்கொண்டு மூட்டை தூக்குகிறார்.

ஸ்டெல்லா அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "டீ நல்லா இருக்குதுக்கா" என்று வந்தது.

கிளம்பும்போது பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் மடியில் அந்தப் பை. என்னைப் போலக் கேடுகெட்டவள் இந்த விருத்தாசலத்தில் உண்டா?

(ஆதாரம்: கொய்யா, சுமார் ஒன்றரைக் கிலோ.)


நவ. 17, திங்கள்

புதிய சூளை ஆள் வந்துவிட்டார். இன்று அடுக்கினார். நாளைக் காலை கற்பூரம் காட்டித் தீ.

மாலை வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. ரொம்ப நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வுடு. ஆறுன புண்ண எதுக்கு நோண்டற?"

"ஆறலங்க. அங்க ஒருத்தரு மூணு வாட்டி கேஸப் பாத்துட்டிருக்காரு."

"சொன்னா ஒன்ன நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

"கயலு படிப்பு?"

கோபமாகப் பாத்திரம் தேய்த்தேன். ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.


நவ. 18, செவ்வாய்

எதை முதலில் எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை. மழை இல்லை. அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி: "சொல்லிடு. நான் பஸ்ஸ வுட்டுட்டு வர முடியாது. சொல்லிட்டு ஒரு போன் பண்ணு." இரண்டாவது சட்னி வைத்தேன். வேறு என்ன செய்வது?

8.40. சூளை வாசல். புதியவர் செங்கல் வைத்து மண் பூசி முடித்திருந்தார். முதலாளி விபூதிப் பட்டை போட்டார். பக்கத்தில் சிலுவை இல்லாமல் அந்த வாசல் மொட்டையாக இருந்தது. தேங்காய், கற்பூரம். தீ வைக்கும் முன் எல்லாரும் கும்பிட்டு நிற்பது வழக்கம். அன்று "இல்லீங்க" என்று சொன்ன அதே வரிசை, அதே ஆட்கள்.

முதலாளி கற்பூரத் தட்டை நீட்டினார். தொட்டுக் கும்பிடக் கையை நீட்டினேன். பாதியில் இறக்கிக்கொண்டேன்.

"மொதலாளி, அன்னைக்கித் தொறந்தது நானு."

"எதம்மா?"

"சூளைய. மேலேருந்து மூணாவது வரிச. ரெண்டு கல்லு எடுத்தேன். சிலுவையும் நான்தான் போட்டேன். ஆரோக்கியண்ணன் சொன்னது நெசம். பொய் சொன்னது நானு."

தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. தனம் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, பதினெட்டு நாளா எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான இருந்த? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு..." முதலாளிக்குக் குரல் உயர்ந்து பாதியில் நின்றுவிட்டது. "எதுக்குத் தொறந்த?"

"கிளேஸ் சரியா இருக்குதான்னு பாக்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டார். "சாவியக் குடு." கொடுத்தேன். தனத்திடம் போட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூதம்னு சொன்னது நான். நான் கூப்புட்டா வர மாட்டாரு. நீ போ மொதல்ல. எங்கிட்டச் சொன்னாப்ல அப்பிடியே அவருகிட்டயும் சொல்லு. சாயந்தரம் நான் வரேன்."

புதியவர் தீப்பெட்டியோடு நின்றார். "அப்ப நான் போவட்டுங்களா, பத்த வைக்கட்டுங்களா?"

பாவம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வந்து போன கூலியும் கொடுத்து அனுப்பினார்களாம்.

10.30. உரக்கடை. ஆ.அ. வாசலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "வா வசந்தா, பழம் கொண்டாந்து குடுத்தியாமே" என்றார்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். நான்கு வரி. பஸ்ஸில் மனப்பாடம் செய்தது எதுவும் ஞாபகம் இல்லை.

அவர் கத்தவில்லை. கேள்விதான் கேட்டார், போலீஸ் மாதிரி.

"எந்தக் கல்லு?"

"மேலேருந்து மூணாவது வரிச, எடது ஓரம். அதுக்குப் பக்கத்துக் கல்லு."

"எத்தினி நேரம்?"

"பத்து நிமிசம் இருக்கும்ணே."

"ஷட்டரு?"

"தொறந்திருந்துச்சு."

"சிலுவைய எந்த வெரலால போட்ட?"

"ஆள்காட்டி வெரலு."

தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். "நான் இதாலதான் போடுவேன். கோடு தடியா இருக்கும். அன்னைக்கி மெல்லிசா இருந்துச்சு. பாத்தேன். நான் பாத்தேன்ல?" கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சாக்கால் முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் உரத்தூள். "அப்ப நான் சரியாத்தான் பூசியிருக்கேன்."

"சரியாத்தாண்ணே பூசியிருந்தீங்க."

கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வீட்டு வாசலில் நின்று, "ஸ்டெல்லா, இங்க வா" என்றார். "இதக் கேளு. எங்கிட்டச் சொன்னத இவ வாயால கேளு."

இன்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன். இந்தத் தடவைதான் ரொம்பக் கஷ்டம். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கே நின்றது இருவருக்கும் மறந்துவிட்டது.

அப்புறம் ஆ.அ. திரும்பினார். "நீ சொன்னது நல்லது. ஆனா மனசு ஆறல வசந்தா, பொய் சொல்லக் கூடாது. மொதலாளி வந்து கூப்புட்டா வருவேன். கொஞ்ச நாளைக்கி நீ எங்கிட்டப் பேசாத."

"சரிண்ணே."

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டேன்" என்றேன். பின்னால் மினி பஸ் ஹாரன். "சாப்டியா?" என்றார்.

சாப்பிடவில்லை. இப்போதுதான் பசிக்கிறது.


நவ. 19, புதன்

ஆ.அ. வந்துவிட்டார். நேற்று சாயங்காலம் முதலாளியே பைக்கில் போய்க் கூப்பிட்டாராம். தனம்தான் சொன்னாள். என்னிடம் யாரும் அதிகம் பேசவில்லை. தனம் பேசுகிறாள். அவளால் பேசாமல் இருக்க முடியாது.

புதியவர் பூசிய வாசலை முழுக்கப் பிரித்தார் ஆ.அ. மறுபடி அடுக்கினார், பூசினார், கட்டைவிரலால் சிலுவை போட்டார். தடியான கோடு. முதலாளி பட்டை. 9.15க்குத் தீ.

எனக்கு: சாவி கிடையாது. கிளேஸ் கலக்குவது இனித் தனம், நான் முக்குவது மட்டும். வேலை போகவில்லை. போகும் என்று பயந்திருந்தேன் (கெ.எ. 9, கோடு). ஒரே நாளில் பதினான்கு வருடம் கீழே இறங்கியாயிற்று. வலிக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.


நவ. 20, வியாழன்

தீ அணைத்தாயிற்று. இனி இரண்டு நாள்.

ஆஸ்பத்திரி. மேடத்திடம் கெ.எ. 2ஐயும் படித்துக் காட்டினேன், முழுக்க. அவர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அத இப்ப அடிச்சிட்டீங்களா?" என்றார்.

"அடிக்கலங்க. நடந்ததுதான. 'சொல்லியாச்சு'ன்னு பக்கத்துல எழுதிட்டேன்."

"அது போதுங்க."

நேற்று படுத்தவள் விடிகாலை ஐந்து மணி வரை தூங்கினேன். ராத்திரி மாத்திரையைப் போட மறந்தே போனேன். மேடம் திட்டினார்: "நீங்களா நிறுத்தாதீங்க." சரி.


நவ. 21, வெள்ளி

சாரல். குளிர்காற்று.

கெ.எ. 11: இந்தச் சூளை ஜாடிகளும் கீறிவிடும். நான் கிளேஸ் தொட்டதாலேயே.
ஆதாரம்: இல்லை.
கெ.எ. 12: ஆ.அ. இனி என்றைக்குமே பேச மாட்டார்.
ஆதாரம்: பேசாதே என்று சொன்னார். "கொஞ்ச நாளைக்கி" என்றும் சொன்னார். பாதிக் கோடு.

மத்தியானம் சூளைப் பக்கம் போகாமல் இருக்க, கையில் கிளேஸ் வாளியோடு முன்பக்கமே நின்றேன். கால் அந்தப் பக்கம் இழுத்தது. தனம் கவனித்துவிட்டாள். "ஒக்காரு அக்கா, வறுகடல தின்னு." தின்றேன்.


நவ. 22, சனி

வெயில். கேஸ் பார்த்தது: ஒரு முறை. பூட்டு: ஒரு முறை, பஸ் ஸ்டாப்பில் கால் கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

8.30க்கு வாசலைப் பிரித்தார்கள். எல்லாரும் நின்றோம், நான் கடைசியில். ஆ.அ. சிலுவையைக் குனிந்து பார்த்தார். தன்னுடையதுதான் என்று தலையை ஆட்டிக்கொண்டார். முதல் கல், இரண்டாவது, மூன்றாவது வரிசை. இடது ஓரக் கல்லை எடுத்தபோது ஒரு நொடி கையில் வைத்திருந்தார். அப்புறம் மற்றக் கல்லோடு அடுக்கினார்.

உள்ளே இன்னும் வெதுவெதுப்பு. முன்வரிசையில் முதல் ஜாடியை வெளியே எடுத்தார். தட்டப் போனவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். எல்லாரையும் தாண்டி என்னைப் பார்த்தார்.

"வசந்தா, வூட்டுல கேஸ மூடிட்டு வந்தியா?"

யூனிட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூடிட்டேண்ணே."

"எத்தினி வாட்டி பாத்த?"

"ஒரு வாட்டிதாண்ணே."

"நானும் ஒரு வாட்டிதான்" என்றார். ஜாடியைத் தட்ட ஆரம்பித்தார்.